ஆறரை வயது மகளைப் போட்டி டேக்வாண்டோ குழுவில் சேர்க்கலாமா?

காலைத்தென்றல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது ஆறரை வயது. எட்டு மாதங்களாக வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் டேக்வாண்டோ வகுப்புக்குச் சென்று வருகிறாள். சேர்த்தபோது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இருக்கவில்லை. புதியவர்கள் யாராவது பேசினால் என் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை நான்கு பேரோடு பழகட்டும், ஓடி ஆடட்டும் என்றுதான் நினைத்தேன். முதல் மூன்று வாரம் சுவரோரமாக நின்று பார்த்ததோடு சரி. நான்காவது வாரம் பயிற்சியாளர் அவள் கையில் கிக் பேடைக் கொடுத்து, அவளைவிட உயரமான ஒரு பையன் உதைப்பதற்குப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அன்றுதான் அவள் முதன்முதலாகப் பயிற்சி விரிப்பின் மீது கால் வைத்தாள். இப்போது வீட்டுக் கூடத்தில் நின்று ஹனா, துல், செத் என்று கொரிய மொழியில் எண்ணியபடி உதைக்கிறாள். வாய் திறக்கவே தயங்கிய பிள்ளை, உதையோடு சேர்ந்து எழுப்ப வேண்டிய கிஹாப் குரலை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி எழுப்புகிறாள். மஞ்சள் பெல்ட்டும் வாங்கிவிட்டாள்.

சென்ற வாரம் பயிற்சியாளர் எங்களை அழைத்து, அவளுடைய கால் வேகமும் நெகிழ்வும் அந்த வயதில் அரிதாகக் காணப்படுபவை என்றும், அவளைப் போட்டிக் குழுவுக்கு மாற்ற விரும்புவதாகவும் சொன்னார். மாற்றினால் வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் பயிற்சி இருக்கும். அதில் பெரும்பகுதி கியோருகி எனப்படும் நேருக்கு நேர் மோதும் பயிற்சி. ஆறு மாதத்துக்குள் முதல் போட்டிக்கு அழைத்துச் செல்லலாம் என்கிறார். இந்த வயதில் தொடங்காவிட்டால் பிற்பாடு மற்றவர்களை எட்டிப் பிடிப்பது கடினம் என்பதும் அவர் கருத்து. என் கணவருக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. எனக்கு மகிழ்ச்சியும் இருக்கிறது, உறக்கம் வராத அளவுக்கு அச்சமும் இருக்கிறது.

இந்த எட்டு மாதத்தில் அவளிடம் நான் கண்ட மாற்றங்கள் போட்டிக் குழுவுக்குப் போனால் இன்னும் வளருமா, அல்லது தோல்வியும் அடியும் சேர்ந்து அவளைப் பழையபடி சுவரோரம் நிறுத்திவிடுமா என்பதே என் முதன்மையான கேள்வி. தலையில் உதை வாங்குவதை எண்ணினாலே எனக்கு நடுக்கம் வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பயிற்சிக்கூடம் எழுதியது:

வணக்கம், அம்மா. நான் 18 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு டேக்வாண்டோ கற்றுத் தருகிறேன். சுவரோரம் நின்ற பிள்ளையைக் கிக் பேடு பிடிக்க வைத்து உள்ளே அழைத்து வந்த அந்த ஒரு செயலிலிருந்தே உங்கள் பயிற்சியாளர் குழந்தைகளின் மனம் அறிந்தவர் என்று தெரிகிறது. ஆகவே அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இப்போது தொடங்காவிட்டால் காலம் கடந்துவிடும் என்ற கூற்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

உலக டேக்வாண்டோ அமைப்பு நடத்தும் உலகப் போட்டிகளில் மிக இளைய பிரிவான கேடட் பிரிவு 12 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு உரியது. அப்பிரிவுக்கான முதல் உலகப் போட்டியே 2014-இல்தான் பாகூ நகரில் நடந்தது. அதற்கு அடுத்த ஜூனியர் பிரிவு 15 முதல் 17 வரை. ஒலிம்பிக்கில் 17 வயதை எட்டும் ஆண்டுக்கு முன்பு யாரும் களமிறங்க முடியாது. பெல்ட் முறையிலும் இதே நிதானம் உண்டு. 15 வயது நிரம்பாதவர் கறுப்பு பெல்ட் தேர்வில் தேறினால், கொரியாவில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் அவருக்குப் பெரியவர்களுக்கான டான் தகுதியைத் தராமல், சிவப்பும் கறுப்பும் கலந்த பெல்ட்டோடு பூம் என்ற தனித் தகுதியைத் தருகிறது. குழந்தைக்கென்று தனி அளவுகோல் வேண்டும் என்பதை இக்கலையை வளர்த்தவர்களே ஏற்றுக்கொண்டிருக்கும்போது, ஆறரை வயதில் அவசரப்படுவதற்கு எந்தத் தேவையும் இல்லை.

இனி, உங்கள் மகளிடம் நீங்கள் கண்ட மாற்றங்கள் எதனால் வந்தவை என்பதைப் பார்ப்போம். சிஜாக் என்று சொன்னால் தொடங்க வேண்டும். கல்யோ என்று சொன்னால், உதைக்கத் தூக்கிய கால் பாதி வழியில் இருந்தாலும், நிறுத்த வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு உதைப்பது எளிது. தொடங்கிய உதையை நிறுத்துவதுதான் கடினம். ஒரு வகுப்பில் இப்படி ஐம்பது, அறுபது முறை நின்று தொடங்குகிற பிள்ளை, தன் உந்துதலைத் தானே அடக்கும் பயிற்சியை, அது பயிற்சி என்றே அறியாமல் பெற்றுவிடுகிறது. எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவுத் தொகுப்புக்குப் பூம்சே என்று பெயர். முதல் பூம்சேயான தேகுக் இல் ஜாங்கில் 18 அசைவுகள் உள்ளன. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தக் கை தடுக்க வேண்டும், எந்தக் கால் முன்னே வர வேண்டும் என்று வரிசை மாறாமல் நினைவில் வைத்துக்கொண்டே உடலையும் சமநிலையில் நிறுத்த வேண்டும். ஒரு காலில் நின்று மறு காலை இடுப்புக்கு மேல் உயர்த்தும்போது, கணுக்கால் முதல் இடுப்பு வரை ஒவ்வொரு தசையும் நொடிக்கு நொடி தன்னைத் திருத்திக்கொள்கிறது. கிக் பேடு பிடிப்பதையும் நான் சாதாரணமாக நினைப்பதில்லை. தோழனின் உயரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்பத் தன் கையை மாற்றிப் பிடிக்கும் பிள்ளை, இன்னொருவருடைய நலனைத் தன் பொறுப்பாக ஏற்கப் பழகுகிறது.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே காட்டுகின்றன. லேக்ஸ், ஹோய்ட் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படித்த 207 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் டேக்வாண்டோ அடிப்படையிலான பயிற்சியும் மற்றவர்களுக்கு வழக்கமான உடற்கல்வியும் தரப்பட்டன. தன்னடக்கம், வகுப்பறை நடத்தை, சகமாணவரிடம் இணக்கம் ஆகியவற்றில் முதல் குழுவே கூடுதலாக முன்னேறியது. 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு, 7 முதல் 11 வயது வரையிலான 240 பிள்ளைகளை 11 வாரம் கவனித்தது. டேக்வாண்டோ கற்றவர்களின் கவனம் மேம்பட்டதாகவும் முரட்டு நடத்தை குறைந்ததாகவும் ஆசிரியர்கள் மதிப்பிட்டனர். ஆயினும் அளந்து பார்த்த எல்லாப் பண்புகளிலும் முன்னேற்றம் தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இவ்விரண்டிலும் பிள்ளைகள் பெற்றது பள்ளி நேரத்துப் பயிற்சி. பதக்கமோ, வெற்றி தோல்வியோ அங்கே இல்லை.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருப்பது அவற்றைவிடப் பழைய, 1986-இல் ட்ருல்சன் வெளியிட்ட சிறிய ஆய்வு. சட்டத்தோடு முரண்பட்ட பதின்வயதுப் பையன்களில் ஒரு குழுவுக்கு வணக்கம், தியானம், நெறிமுறை, பூம்சே எல்லாம் சேர்ந்த மரபுவழி டேக்வாண்டோ கற்பிக்கப்பட்டது. இன்னொரு குழுவுக்கு மோதும் உத்திகள் மட்டும். ஆறு மாத முடிவில் முதல் குழுவினரின் ஆக்ரோஷம் தணிந்திருந்தது. இரண்டாவது குழுவினருடையது முன்பைவிடக் கூடியிருந்தது. அவர்கள் சிறு குழந்தைகள் அல்லர் என்பது உண்மைதான். இருந்தாலும், போட்டிக் குழு என்ற பெயரில் வணக்கத்தையும் பூம்சேயையும் சுருக்கிவிட்டு மோதலை மட்டும் நீட்டும் கூடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது.

போட்டியின் புள்ளி முறையையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். உடற்கவசத்தில் குத்து விட்டால் 1 புள்ளி, உதைத்தால் 2, சுழன்று உதைத்தால் 4. தலையில் உதைத்தால் 3, சுழன்று தலையில் உதைத்தால் 5. விதியை மீறினால் கம்ஜோம் என்று நடுவர் அறிவிக்க, எதிராளிக்கு 1 புள்ளி போய்ச் சேரும். பெரியவர்களுக்கு இது அழகான கணக்கு. ஆனால் பின்தங்கியிருக்கும் ஒரு ஏழு வயதுப் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், அது தலையை நோக்கிக் கண்மூடித்தனமாகக் காலை வீசத்தான் செய்யும். அதனால் என் கூடத்தில் பத்து வயதுக்குக் கீழே தலைக்கு உதைப்பது இல்லை. ஹோகு எனப்படும் உடற்கவசத்தை அணிந்துகொண்டு, தொட்டால் போதும் என்ற அளவில் கியோருகி பழகலாம். போட்டி மேடையின் பரபரப்பை அறிய வேண்டுமென்றால் முதலில் பூம்சே போட்டிக்கு அனுப்பலாம். அங்கே துல்லியத்துக்கு 4, வெளிப்பாட்டுக்கு 6 என மொத்தம் 10 புள்ளிகள், அடிபடுவது என்ற பேச்சே இல்லை.

முடிவெடுக்கும் முன் அந்தப் போட்டிக் குழுவின் பயிற்சியை ஒரு வாரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பயிற்சி மோதலில் தோற்ற பிள்ளையிடம் பயிற்சியாளர் முதலில் என்ன பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். அதற்கு மேல் வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது.


எலும்பும் தசையும் எழுதியது:

நான் பிள்ளைகளின் விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவர். மேலே எழுதியவர் மனத்தையும் பயிற்சி முறையையும் நன்றாக விளக்கிவிட்டதால், நான் உடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நேரம். விளையாட்டுப் பயிற்சி குறித்த மருத்துவ வழிகாட்டுதல்களில் எளிதில் நினைவில் நிற்கும் ஒரு கணக்கு உண்டு: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒழுங்கமைக்கப்பட்ட பயிற்சி இருக்கக் கூடாது, வாரத்தில் இரண்டு நாளாவது முழு ஓய்வு வேண்டும். நாள் ஒன்றுக்கு ஒன்றரை மணி வீதம் நான்கு நாள் என்றால் 6 மணி நேரம். உங்கள் மகள் வேறு எந்த விளையாட்டு வகுப்புக்கும் போகாமல் இருந்தாலும் இது எல்லையைத் தொட்டு நிற்கிறது. நீச்சலோ நடனமோ சேர்ந்தால் தாண்டிவிடும். அதே நேரத்தில், 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இயங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது; அந்த இயக்கம் தெருவில் ஓடுவதாகவும் மரம் ஏறுவதாகவும் இருக்கலாம், இருந்தால் நல்லதும்கூட. ஒரே விளையாட்டின் ஒரே அசைவைச் சிறு வயதிலிருந்தே திரும்பத் திரும்பச் செய்யும் உடலைவிட, பல வகையாக ஓடி, தாவி, எறிந்து வளர்ந்த உடலே பின்னாளில் எந்த விளையாட்டையும் எளிதாக ஏற்றுக்கொள்கிறது.

அடுத்து எலும்பு. வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனையருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். அதைச் சுற்றியுள்ள எலும்பையும் தசைநாரையும்விட அது மென்மையானது என்பதால், பெரியவருக்குச் சுளுக்காக முடியும் ஒரு விசை, குழந்தைக்கு அந்தத் தட்டில் காயமாக முடியக்கூடும். ஆகவே இந்த வயதில் பலகை உடைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இரு கால்களையும் விரித்து அமரும் நீட்டல் பயிற்சியில், பின்னால் ஒருவர் நின்று முதுகையோ தொடையையோ அழுத்துவது பல கூடங்களில் இன்றும் நடக்கிறது. அதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். உங்கள் மகள் இயல்பிலேயே நெகிழ்வானவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மேலும் நெகிழ்வைவிட, மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசை வலுவே அதிகம் தேவை. எட்டு வயதுக்கு மேல், வேகமாக உயரம் கூடும் பருவத்தில், குதிகாலிலோ முழங்காலுக்குச் சற்றுக் கீழேயோ வலி என்று சொன்னால், சோம்பலுக்குச் சாக்கு என்று தள்ளாமல் ஓய்வு கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

தலையைப் பற்றிய உங்கள் நடுக்கம் நியாயமானது. சிறு பிள்ளைகளின் தலை உடலோடு ஒப்பிடப் பெரியது, கழுத்துத் தசை வலுக் குறைந்தது; அதனால் ஒரே அடிக்கு அவர்கள் தலை கூடுதலாக ஆடுகிறது. மென்பஞ்சுத் தலைக்கவசம் வெட்டுக் காயத்தையும் மேல்காயத்தையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை அதிர்வதைத் தடுக்கும் என்று அதை நம்பிவிடக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தற்காப்புக் கலைகள் பற்றி 2016-இல் வெளியிட்ட அறிக்கையும் இதை எடுத்துரைக்கிறது. மோதல் இல்லாத பயிற்சியில் தொடங்குமாறும் அறிவுறுத்துகிறது. எங்கே எப்படி அடிபட்டாலும், அதன் பின் பிள்ளை தலைவலி என்றாலோ, மந்தமாக இருந்தாலோ, கேட்டதற்குத் தாமதமாக விடை சொன்னாலோ, அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது; மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை திரும்பக் களத்தில் இறக்கக் கூடாது.


இரு பிள்ளைகளின் தந்தை எழுதியது:

சகோதரி, உங்கள் கணவரின் மகிழ்ச்சியை நான் நன்றாக அறிவேன், ஏனென்றால் எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் நான் இருந்தேன். என் மூத்த மகனுக்கு ஏழு வயதில் முதல் போட்டி. தங்கம் வென்றான். அந்தப் படத்தை எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று கணக்கே இல்லை. அடுத்த போட்டியிலும் வென்றான். மூன்றாவதில் முதல் சுற்றிலேயே தோற்றான். அவன் களத்திலிருந்து நேராக என்னிடம் வந்தபோது, நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, ஏன் கையை இறக்கினாய் என்பது. அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

அதன்பின் போட்டி நாள் காலைகளில் அவனுக்கு வயிற்று வலி வரத் தொடங்கியது. மருத்துவரிடம் காட்டினோம்; உடலில் குறை எதுவும் இல்லை. பயிற்சி இல்லாத நாள்களில் வலி வருவதில்லை என்பதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள். நான் அதை ஏற்க மறுத்தேன். அவனுக்குப் பதினொரு வயதானபோது, ஒரு கிலோ குறைத்தால் கீழ் எடைப் பிரிவில் எளிதாக வெல்லலாம் என்று அப்போதைய பயிற்சியாளர் சொல்ல, நானும் தலையாட்டினேன். இரண்டு நாள் அரைவயிறு, தண்ணீருக்கும் அளவு, மேலே ஒரு கனத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டம். எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறி நின்ற அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வளரும் பிள்ளையை வளராமல் இருக்கச் சொல்கிறோம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அந்தப் போட்டியிலும் அவன் வென்றான். மறுவாரம் டோபோக் எனப்படும் பயிற்சிச் சீருடையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, இனிமேல் போகமாட்டேன் என்றான்.

இரண்டு ஆண்டுகள் அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு அவனாகவே வேறொரு கூடத்தில் பூம்சே மட்டும் பழகத் தொடங்கினான். இப்போது சிறுவர் வகுப்பில் உதவிக்கு நிற்கிறான். தோற்ற பிள்ளைகளுக்கு அவன் தண்ணீர் கொடுப்பதையும், சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இளைய மகளை எட்டு வயதில் சேர்த்தோம். அவளுக்கு வீட்டில் ஒரே விதி வைத்தோம்: போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில், அவளாகப் பேசினாலன்றி நாங்கள் போட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. அவள் பத்து வயதில்தான் முதல் கியோருகி போட்டிக்குப் போனாள், அதுவும் அவளே கேட்டதால். எடை எந்தப் பிரிவில் வருகிறதோ அந்தப் பிரிவு. மகன் வென்றதில் பாதிகூட அவள் வெல்லவில்லை. ஆனால் இன்றுவரை பயிற்சிக்குப் போகும் நாளில் அவளை நாங்கள் நினைவூட்ட வேண்டியிருந்ததில்லை.


நீலக் கவசம் எழுதியது:

மேலே எழுதியவரின் வேதனையை மதிக்கிறேன். எனினும் போட்டியே குழந்தைக்கு ஆகாது என்ற முடிவுக்கு இந்தத் தாய் வந்துவிடக் கூடாது என்பதற்காக, எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நான் ஒன்பது வயது முதல் இருபது வயது வரை போட்டிகளில் இறங்கியவள். உங்கள் மகளைப் போலவே நானும் பேசாத பிள்ளை.

வகுப்பில் எத்தனை முறை உதைத்தாலும் கிடைக்காத ஓர் அனுபவம் போட்டியில் உண்டு. எனக்கு முன்னால் நிற்பவள் எனக்கு முற்றிலும் புதியவள். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. என் அம்மா உதவிக்கு வர முடியாது. அந்த நிலையில் இதயம் படபடக்கும்போதே மூச்சை இழுத்து விட்டு, கண்ணை எடுக்காமல் நிற்கக் கற்றுக்கொண்டேன். பயம் போய்விடவில்லை. பயம் இருக்கும்போதே காலை நகர்த்த முடியும் என்று என் உடலுக்குத் தெரிந்துவிட்டது. பிற்காலத்தில் தேர்வுக் கூடத்திலும், நேர்காணலிலும், ஒருமுறை நள்ளிரவில் மருத்துவமனை வாசலிலும் அது எனக்குத் துணை நின்றிருக்கிறது.

மோதல் முடிந்ததும் எதிராளிக்குத் தலை தாழ்த்தி வணங்கிவிட்டு, அவளுடைய பயிற்சியாளரிடமும் போய் வணங்கும் வழக்கம் இருக்கிறதே, அதைச் சடங்கு என்று பலர் கடந்து போய்விடுவார்கள். தோற்ற முதல் நாள், அழுகையை அடக்கிக்கொண்டு எதிரணிப் பயிற்சியாளர் முன் போய் நின்றேன். அவர் குனிந்து, உன் முன்னங்கால் மிக வேகம், எங்கள் பிள்ளை திணறிப்போனாள் என்றார். என்னைத் தோற்கடித்த பக்கத்திலிருந்து வந்த அந்தச் சொல், வெற்றி பெற்ற நாள்களைவிட நெடுநாள் என்னோடு இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாதே, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்காதே என்று வெளியே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, கத்தி உதை, களத்தின் நடுவைப் பிடி என்று ஓரிடத்திலாவது யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

என் மறுப்பு வயதைப் பற்றியதல்ல. ஆறரை வயது மிக முன்னதாகவே எனக்கும் படுகிறது. அந்த வயதில் இருந்திருந்தால் அந்தப் பயிற்சியாளரின் சொல் எனக்குப் புரிந்தே இருக்காது. ஆனால் அவள் ஒன்பது, பத்து வயதில் தானாகக் கேட்கும் நாளில், உங்கள் அச்சம் அவளுக்குக் குறுக்கே நிற்க வேண்டாம்.


காலைத்தென்றல் எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அனைத்தையும் கணவரோடு சேர்ந்து இரண்டு முறை படித்தேன். தந்தையாக எழுதியவரின் பதிலைப் படித்த பின் என் கணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, முதலில் போய்ப் பார்ப்போம் என்றார்.

போட்டிக் குழுவின் பயிற்சியை மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தோம். தோற்ற ஒரு சிறுவனிடம் பயிற்சியாளர் முதலில் கேட்டது, மூச்சு சரியாக இருக்கிறதா என்பது. அது எனக்கு நிம்மதி தந்தது. ஆனால் அந்தக் குழுவில் அடுத்த இளைய பிள்ளைக்கே ஒன்பது வயது. தலைக்கு உதைக்கும் பயிற்சியும் நடக்கிறது. இதையெல்லாம் அவரிடம் வெளிப்படையாகப் பேசினோம். அவர் வருத்தப்படுவார் என்று அஞ்சினேன். மாறாக, இதே வகுப்பில் வாரத்துக்கு ஒரு நாள் கூட்டி மூன்று நாளாக வைத்துக்கொள்ளலாம், அந்தக் கூடுதல் நாளில் ஹோகு அணிந்து தொடு அளவில் கியோருகி பழகட்டும், ஆண்டு இறுதியில் அவளுக்கு விருப்பம் இருந்தால் பூம்சே போட்டிக்கு அழைத்துச் செல்கிறேன் என்றார். மகளிடம் கேட்டபோது, மூன்றாவது நாளிலும் கிக் பேடு பிடிக்கலாமா என்றுதான் அவள் கேட்டாள்.

ஒரு சிறு ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. தொடு அளவில் என்றாலும் வாயில் மவுத்கார்டு போட வேண்டும் என்கிறார். அவளுக்கு முன்பற்கள் இரண்டு ஆடிக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் போடலாமா?


எலும்பும் தசையும் எழுதியது:

நல்ல ஏற்பாடு, மூன்று நாள், மூன்று மணி நேரம் என்பது அவள் உடலுக்குப் பொருத்தமான அளவு. மவுத்கார்டைப் பொறுத்தவரை, போடுவதே நல்லது. வெந்நீரில் மென்மையாக்கிப் பல்லின் மேல் பதிய வைக்கும் வகையை வாங்குங்கள். இந்த வயதில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்துக்கொண்டே இருப்பதால், ஒருமுறை பதித்தது சில மாதங்களில் பொருந்தாமல் போகும். மீண்டும் வெந்நீரிலிட்டுப் பதிக்க வேண்டும், அல்லது புதிதாக மாற்ற வேண்டும். ஆடும் பல் இப்போதே விழும் நிலையில் இருந்தால் விழும் வரை காத்திருந்து அதன்பின் பதிப்பது சிறந்தது. அந்த இரண்டு, மூன்று வாரம் அவள் கிக் பேடையே உதைக்கட்டும். பதிப்பதற்கு முன் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.